கூண்டுக்குள்ளிருந்து வந்த ஆள் குரல்

அந்தத் தெருவில் எல்லாரும் அவளை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் வேன் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். லேசில் பதறுகிற ஆள் இல்லை. ஒருமுறை பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது, பின்னால் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூட அதட்டாமல், கியரைக் குறைத்துக் குறைத்து வண்டியை ஒரு மணல் குவியலில் கொண்டுபோய்ச் செருகி நிறுத்தியவள். கீழே இறங்கிய பிறகுதான் பள்ளிக்கூடம் இன்னும் வரவில்லை என்பதே பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்டவள் ஒரு மத்தியான வேளையில் சொந்த வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்றால், அதற்குக் காரணம் ஒரு கிளி.

கிளி வளர்க்க வேண்டும் என்று அவள் கனவு எதுவும் கண்டுகொண்டிருக்கவில்லை. வேன் கண்ணாடியில் ஒரு புறா வந்து மோதி, இறக்கை தொங்கிப் போய் விழுந்தது. பிள்ளைகள் அழுது தீர்த்துவிட்டார்கள். "சாகாது, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டதால், அடிபட்ட பறவைகளை வைத்துப் பார்க்கும் இடம் எது என்று விசாரித்துக்கொண்டு போனாள். ஒரு கால்நடை டாக்டரம்மா தன் வீட்டு மாடியிலேயே நடத்தும் காப்பகம் அது. புறாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கடைசிக் கூண்டில் அதைப் பார்த்தாள். சாம்பல் நிறம், சிவப்பு வால். நெஞ்சில் ஓர் இறகு கிடையாது. உரித்த கோழி மாதிரி தோல் தெரிந்தது.

"என்ன நோய் டாக்டர் இதுக்கு?"

"நோய் இல்ல. தானே பிடுங்கிக்குது. மனசு சரியில்லன்னா இந்தக் கிளிங்க அப்படித்தான் பண்ணும். ஒருத்தர் வீட்டுல ரொம்ப வருஷம் வளந்தது. அவர் இப்ப இல்ல. மக கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டா. இங்க வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. நாங்க மொட்டைன்னு கூப்புடறோம்."

மொட்டை அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அந்த அலட்சியம் அக்காவுக்குப் பிடித்துப்போய்விட்டது. வேனில் தினமும் ஏறும் வாண்டுகளில் சிலது அப்படித்தான் உட்காரும். அதுகள்தான் பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

புறாவைப் பார்க்கப் போகிற சாக்கில் மறுபடியும் மறுபடியும் போனாள். புறா குணமாகிப் பறந்து போன பிறகும் போனாள். ஒரு நாள் வீட்டுக்காரனிடம் பேச்சை எடுத்தாள்.

அவனுக்குத் தெருவில் பஞ்சு என்று பெயர். கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். வீட்டு முன்னறைதான் பட்டறை. தலையிலும் புருவத்திலும் எப்போதும் ஃபோம் துகள் ஒட்டியிருக்கும்.

"மொட்டைக் கிளியா? இறகு உள்ளதெல்லாம் தீந்து போச்சா அங்க?" என்றான்.

"அதுக்கு யாரும் இல்லைங்க."

"நமக்கும்தான் யாரும் இல்ல. நம்மள யாராவது கூண்டோட தூக்கிட்டுப் போனாங்களா?"

சிரித்துக்கொண்டே சொன்னானே தவிர, மறுநாள் கூண்டு வைப்பதற்காக ஜன்னல் பக்கத்து மேஜையைக் காலி செய்து வைத்தது அவன்தான்.

டாக்டரம்மா சும்மா கொடுத்துவிடவில்லை. வீட்டுக்கு வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். நான்ஸ்டிக் வாணலி சூடேறினால் வரும் புகை பறவைக்கு எமன் என்று சொல்லி அதை எடுத்துப் போடச் சொன்னார். பஞ்சு ஒட்டுவதற்கு வைத்திருந்த பசை டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்து, அந்த வேலையெல்லாம் இனிமேல் கொல்லைப்புறத்தில்தான் என்று உத்தரவு போட்டார். ஃபேன் ஓடும்போது கிளியை வெளியே விடக்கூடாது. கத்தக்கூடாது. அவசரப்படுத்தக்கூடாது.

"என்னைக் கட்டிக் குடுக்கறப்பகூட யாரும் இவ்வளவு விசாரிக்கல" என்றாள் அக்கா.

"விசாரிச்சிருந்தா குடுத்திருக்க மாட்டாங்க" என்றான் பஞ்சு.

கூண்டை வேனின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. மொட்டை வழி முழுக்கக் கம்பியைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு வந்தது.

வீட்டிலும் அது வாயைத் திறக்கவில்லை. தின்னும், தண்ணீர் குடிக்கும், முதுகைக் காட்டும். பஞ்சு தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தபடி ஊர்க்கதையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் இவ்வளவு நாளா தேடிட்டிருந்தேன். நடுவுல பேசாம முழுசாக் கேக்கற ஆளு" என்பான். ஒரு மாதம் போல அப்படியே ஓடியது.

அந்த மத்தியானம் பஞ்சு ரெக்சின் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். காலைச் சவாரியை முடித்துவிட்டு வந்த அக்கா, தெருக்கதவைத் தாழ் போட்டுவிட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து ஓர் ஆளின் குரல் கேட்டது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

வயதான குரல். கணீரென்று இருந்தது. சீட் தைக்கக் கொடுக்க வந்தவர் என்று நினைத்து, "இருக்கோம், உக்காருங்க. அவரு இப்ப வந்துடுவாரு" என்றாள்.

"விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல."

கையில் கத்தியோடு ஓடினாள். முன்னறையில் யாரும் இல்லை. பாதி உறை போட்ட ஒரு கார் சீட், ஃபோம் மூட்டைகள், இயந்திரம். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள். தெருவில் விழுந்திருப்பாரோ என்று கதவுக்குப் போனபோதுதான் தாழ்ப்பாள் கண்ணில் பட்டது. உள்ளே போட்டது போட்டபடி இருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அதே குரல் மறுபடியும் கேட்டது. "கதவு திறந்துதான் இருக்கு. தள்ளிட்டு உள்ள வாங்க."

திரும்பினாள். அறையில் மொட்டை மட்டும்தான் இருந்தது. கிளி பேசினால் கிளி மாதிரிக் கீச்சென்றுதான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இது மனுஷக் குரல். தொண்டை வறண்ட, மூச்சு வாங்குகிற, பல் இடுக்கில் காற்றுப் போகிற மனுஷக் குரல். மொட்டையின் அலகு அசைந்ததுகூடத் தெரியவில்லை. அதன் கழுத்து மட்டும் ஏறி இறங்கியது.

தட், தட், தட். ஒரு டம்ளரைத் தரையில் தட்டுகிற சத்தம். அதையும் அதுதான் போட்டது. பிறகு ஒரு தொலைபேசி அடித்தது. பழைய காலத்து மணி. அடித்து, அடித்து, ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. ஓய்ந்தது. அதன் பிறகு அந்தக் குரல், முன்னைவிட மெலிந்து போய், "எட்டலம்மா. கை எட்டல" என்றது.

அக்காவின் கையிலிருந்த கத்தி எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எங்கோ ஒரு வீட்டில், யாருமில்லாத நேரத்தில், ஒருவர் விழுந்து கிடந்து இப்படிக் கூப்பிட்டிருக்கிறார். போன் அடித்திருக்கிறது, கை எட்டவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டது இந்தக் கிளி ஒன்றுதான்.

பஞ்சு வந்து கதவைத் தட்டியபோது, திறப்பதற்கே அவளுக்குத் தைரியம் வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவன் வழக்கம்போலச் சிரித்தான். "வெயில்ல வண்டி ஓட்டாதன்னா கேக்கறியா?" என்றான். மாலையில் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தபோது அவன் காதிலேயே விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினான். முழுவதும் கேட்டான். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். மறுபடியும் கழற்றினான். அன்றைக்கு அதன் பிறகு ஒரு தையல்கூடப் போடவில்லை.

அதிலிருந்து தினமும் நடந்தது. நேரம் காலம் கிடையாது. மாடி வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். சீட்டைக் கழற்றிக் கொடுக்க வந்த டாக்ஸிக்காரர், "உள்ள பெரியவர் விழுந்து கெடக்காரு, நீ பாட்டுக்குக் கணக்குப் பேசிட்டிருக்கியே, மனுஷனா நீ?" என்று பஞ்சுவைப் பிடித்துச் சண்டை போட்டார். கிளி என்று காட்டியதும் சீட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போனவர், எடுத்துப்போக மச்சானைத்தான் அனுப்பினார்.

அக்கா டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அவருக்கே ஒன்றும் புரியவில்லை. "இங்க ஒரு சத்தம் போடலையே. உங்க வீட்டுல பயம் தெளிஞ்சிருக்கு, அதான் வாய் திறந்திருக்கு. வேணாம்னா திருப்பிக் கொண்டுவாங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார்.

"திருப்பிக் குடுக்கவா போன் பண்ணேன்? அந்தப் பெரியவரு எப்படிச் செத்தாருன்னு அவங்க மகளுக்குத் தெரியுமா, அதக் கேக்கத்தான்."

அதையெல்லாம் போனில் கேட்க முடியாது, கிளி பேசுகிறது என்று மட்டும் மகளிடம் சொல்லி வைப்பதாகச் சொன்னார் டாக்டரம்மா. அன்று பஞ்சுவும் அவளும் ரொம்ப நேரம் வாதாடினார்கள். மகள் வந்தால் இதைச் சொல்லலாமா, கூடாதா? சொல்லவே கூடாது என்றான் பஞ்சு. "அப்பன் போய்ச் சேந்துட்டான். தூக்கத்துல போனாருன்னு அந்தப் பொண்ணு நெனச்சிட்டிருந்தா, நீ எதுக்கு நெஞ்சுல ஆணி அடிக்கற?" அக்காவுக்கும் அது சரியென்றுதான் பட்டது. சும்மா ஏதோ உளறுகிறது என்று சொல்லிச் சமாளித்துவிடுவது என்று முடிவானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளே நேரில் வந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் நின்றபடியே, "எங்க கிளி பேசுதாமே?" என்றாள்.

"அப்பப்ப ஏதோ சொல்லும்மா. வெளங்காது" என்றாள் அக்கா.

"அப்பா குரல்ல பேசுதா?"

அக்கா பஞ்சுவைப் பார்த்தாள். பஞ்சு இயந்திரத்தைப் பார்த்தான்.

"அப்பா குரலக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா. தினமும் போய்ப் பாக்கறேன். வாய் கோணிப் போய், ஒரு வார்த்தை வராது."

"தினமும் போய்ப் பாக்கறியா? எங்க?" என்றாள் அக்கா.

"முதியோர் இல்லத்துல. ஒரு பக்கம் கை கால் வராது. எங்க வீட்டுல வச்சுப் பாக்க வசதி இல்ல."

"அவரு இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்களே."

"வீட்டுல இல்லன்னுதான் சொன்னேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் மகளுக்கே விளங்கிவிட்டது. "ஐயோ, அப்பா உயிரோடதான் இருக்காருக்கா."

இத்தனை நாளாக இறந்துபோன மனிதரின் கடைசிக் குரல் என்று நினைத்து, அது கேட்கும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு மரியாதையாக நின்றுகொண்டிருந்தவள் அக்கா. அவள் இன்னும் வாயை மூடவில்லை. அதற்குள் மகளின் பேச்சுச் சத்தம் கேட்டு மொட்டை கம்பியோரம் வந்தது. கழுத்தை நீட்டியது. பஞ்சு துணியை எடுத்துக்கொண்டு கூண்டை மூட ஓடினான். முந்திக்கொண்டது அது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

மகள் அப்படியே நின்றாள். விழுந்துட்டேன் என்றது. தட், தட், தட் என்றது. பழைய மணி அடித்தது. இரண்டாம் முறை அடித்தபோது மகள் தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கை எட்டல என்பது வரைக்கும் கேட்டாள். பிறகு உறை போடாத ஒரு கார் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நான்தான் போன் பண்ணேன்" என்றாள். "ரெண்டு தடவ பண்ணேன். தூங்கறாருன்னு விட்டுட்டேன்."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ கேட்பதுபோல, "நடுவுல கதவு திறந்துதான் இருக்குன்னு சொல்லிச்சா?" என்றாள்.

"ஆமா. தள்ளிட்டு உள்ள வாங்கன்னு."

மகளின் முகம் மாறிப்போனது. அவள் சொன்னது இதுதான். அப்பா விழுந்த மறுநாள், குடிதண்ணீர் கேன் போடுகிறவர் வழக்கம்போல வந்திருக்கிறார். கேனை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, "கதவு திறந்துதான் இருக்கு, தள்ளிட்டு உள்ள வாங்க" என்று பெரியவர் தெளிவாகச் சொன்னது கேட்டு உள்ளே போயிருக்கிறார். பார்த்தால் பெரியவர் நினைவே இல்லாமல் கிடக்கிறார். ஆஸ்பத்திரி டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. மூளையில் ஏற்பட்ட அடைப்புக்கு, பேச்சு முந்தின நாளே போயிருக்கும் என்றார். கேன்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பயத்தில் ஏதோ சொல்கிறார் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

"கூப்பிட்டது இது" என்றாள் மகள். கூண்டைக் கையால் காட்டினாள். "அப்பா வாய் நின்னு போனப்புறம் இது கூப்பிட்டிருக்கு."

பஞ்சு மூடுவதற்கு எடுத்த துணியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இத நான் காப்பகத்துல விட்டுட்டேனே" என்றாள் மகள். "எங்க வீட்டுக்குக் கொண்டுபோனப்ப வாயே திறக்கல. இறகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுச்சு. அந்தத் தூசியில என் பையனுக்கு இளைப்பு வந்துடுச்சு. வேற வழி தெரியல."

"புள்ளைக்கு மூச்சு முட்டினா யாரா இருந்தாலும் அதான் செய்வாங்க" என்றாள் அக்கா.

போகும்போது மகள் ஒன்று கேட்டாள். அப்பாவிடம் ஒருமுறை மொட்டையைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா? அக்கா யோசித்தாள். விழுந்து கிடந்த நேரத்தின் சத்தத்தையெல்லாம் அந்த மனிதர் முகத்துக்கு நேராகவே இது கொட்டிவிட்டால்? ஆனால் அவர் மகளே கேட்கும்போது அவள் என்ன சொல்ல முடியும்? வேனைக் கழுவித் தயாராக வைத்தாள்.

முதியோர் இல்லத்தில் கிளியை உள்ளே விட மாட்டோம் என்றார்கள்; தோட்டத்து நிழலில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் பெரியவரை நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. அக்கா கூண்டைப் புல்லில் வைத்தாள். பெரியவர் அதைப் பார்த்தார். அதன் இறகில்லாத நெஞ்சைப் பார்த்தார். இடது கண் மட்டும் பெரிதாக விரிந்தது.

மொட்டை நடுங்கியது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஆரம்பித்தது. "யாராச்சும் இருக்கீங்களா?"

அக்கா பாய்ந்து துணியைப் போடப் போனாள். பெரியவரின் இடது கை உயர்ந்து நின்றது. வேண்டாம் என்று சொல்கிற கை. அவள் பின்வாங்கினாள். முழுவதையும் அவர் கேட்டார். மணி அடித்தபோது மகள் அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடது கை இறங்கி அவள் தலைமேல் வந்து நின்றது. அவளைத் தட்டவும் இல்லை, தடவவும் இல்லை, சும்மா இருந்தது.

மொட்டை நிறுத்தியது. தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அதன் பிறகு, அக்கா வீட்டில் ஒருநாளும் கேட்டிராத ஒரு தொனியில், அதே குரல், ஆனால் இளமையும் அதிகாரமுமாக, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க. போலாம், ரைட்" என்றது.

அக்காவின் வலது கால், வேனில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது போல, தன்னால் ஒரு மிதி மிதித்தது.

"அப்பா பஸ் கண்டக்டர்" என்றாள் மகள், அழுகையும் சிரிப்புமாக. "வீட்டுலயும் அப்படித்தான் பேசுவாரு."

பெரியவரின் தோள் குலுங்கத் தொடங்கியது. நர்ஸ் வலிப்பு என்று பயந்து நாடி பிடிக்க வந்துவிட்டார். வலிப்பு இல்லை. அவர் சிரித்தார். சத்தமில்லாத, எச்சில் ஒழுகுகிற, ஒரு பக்கம் மட்டும் வருகிற சிரிப்பு. இந்த இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் முகம் அசைந்து தான் பார்த்ததே இல்லை என்றார் நர்ஸ்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மஞ்சள் வேன் அங்கே போய் நின்றது. மொட்டையின் நெஞ்சில் சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய இறகு முளைத்தது. முழுவதும் மூடவில்லை; வேருக்குள் போன காயம், மூடாது என்றார் டாக்டரம்மா. பெரியவருக்குப் பேச்சு வரவில்லை. இடது கையால் நாற்காலியைத் தட்டுவார், மொட்டை திருப்பித் தட்டும். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

மகள் இன்றும் வேலை முடிந்து சில மாலைகளில் பட்டறைக்கு வருகிறாள். பஞ்சு ஃபோம் துகளைத் தட்டிவிட்டு ஒரு சீட்டைக் காட்டுவான். கூண்டுக்கு எதிரே உட்காருவாள். மொட்டை எதைச் சொல்லும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் பஸ்ஸுக்குள் ஆளை ஏற்றும், சில நாள் தரையில் விழுந்து கிடக்கும். எதுவானாலும் அவள் எழுந்து போக மாட்டாள். ஒன்றுமே பேசாத நாளில் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "வர்றேன்கா" என்று கிளம்பிவிடுவாள்.